எடைமேடை அறையில் இருந்த புத்தகம்

நீல அட்டை போட்ட புத்தகம். ஸ்பைரல் கம்பி கோத்தது. யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று நைலான் கயிற்றால் மேசைக் காலோடு கட்டி வைத்திருந்தோம். எண்ணூர் ரோட்டில் எங்கள் கண்டெய்னர் யார்டு. வாசலில் லாரி ஏறும் எடைமேடை, பக்கத்தில் ஒரு சின்ன அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். எடை போடும் சாஃப்ட்வேரை முதலில் ஏற்றியபோது அதோடு வந்தது அந்தப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் திரையின் படம் இருக்கும். எந்த பட்டனை அமுக்கினால் என்ன ஆகும் என்று கீழே தமிழில் இரண்டு வரி. நான் எட்டாவது வரை போனவன். மூட்டை தூக்கி முதுகு போனபின் எடை போடும் அந்த நாற்காலியைக் கொடுத்தார்கள். அதே வேலை பார்த்த பாய்க்குப் போனது முழங்கால். அதன் மேல் இரும்புக் கம்பிக்கட்டு சரிந்து விழுந்தது. காலை ஷிப்ட் அவர், மதியத்துக்கு மேல் நான்.

எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிட்டோம்; நான் அவருக்கு மாமு. வண்ணாரப்பேட்டைக்காரர். ஷிப்ட் மாறும்போது ஐந்து நிமிடம் பார்த்துக்கொள்வோம். மற்ற பேச்செல்லாம் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால்தான். அன்றைக்கு எங்கே சிக்கல் வந்ததோ அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போவார். ‘லாரி நம்பர் தப்பா அடிச்சா மொதல்ல எஸ்கேப், அப்பால இது.’ இன்னொரு பக்கத்தில், ‘மாமு, பிரிண்டர்ல கரப்பான் பூந்துட்ச்சி. சீட்டுல அதுக்கும் சேத்து எடை போட்டுக் குடுக்குது.’ நானும் எழுதுவேன். என் கையெழுத்து கோழி கிளறினாற்போல் இருக்கிறது என்று அதன் கீழேயே எழுதி வைப்பார்.

புத்தகம் காத்திருக்கும். விரலை வரியின் மேல் வைத்து, உதட்டை அசைத்துப் படிக்கலாம். இரண்டு தரம், மூன்று தரம் படிக்கலாம். திரை அப்படி இல்லை. நாம் படித்து முடிப்பதற்குள் அடுத்ததைக் கேட்கும். என்னைப் போன்றவனுக்கு அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று படித்தவர்களுக்குத் தெரியாது.

பிறகு சாஃப்ட்வேரை மாற்றினார்கள். எல்லாம் இங்கிலீஷ். பழைய புத்தகத்தைக் கயிற்றை அறுத்து எடுத்துப் போனார்கள். புதுசுக்குப் புத்தகம் வரவில்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் சார் வந்தபோது பாய் கேட்டார். “சார், இதுக்கு புக்கு கீதா?”

“இந்தக் காலத்துல யாரு பாய் புக்கு படிக்கிறா? எல்லாம் உள்ளயே இருக்கு. எஃப் ஒன் அமுக்குனா வரும்.”

“அத்த படிக்கிறதுக்குள்ள பின்னாடி லாரிக்காரன் ஆரன் அடிச்சிகினே கீறான் சார். ஒரு புக்கா அடிச்சிக் குடுங்க.”

சார் என் பக்கம் திரும்பினார். “உங்களுக்கும் வேணுமா?”

அறையில் ஆபீஸ் ஆட்கள் இருந்தார்கள். ஜன்னலில் டிரைவர்கள் நின்றார்கள். படிக்கத் தெரியாதவன் என்று நினைப்பார்களே என்று கூச்சம் வந்தது. “வேணாம் சார். பழகிக்கலாம்” என்றேன்.

“பாருங்க, அவரே சொல்றாரு” என்று சார் சிரித்துவிட்டுப் போனார். பாய் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்று வாரம் போனது. நான் ஷிப்டுக்கு வந்தபோது லாரிகள் ரோடு வரை நின்றன. சரக்கோடு வரும் லாரியை ஒரு தரம் எடை போடுவோம். உள்ளே இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது மறுதரம். கழித்தால் சரக்கின் எடை. பிரிண்டரில் சீட்டு சிக்கியிருக்கிறது. பாய் எஃப் ஒன்பதை அமுக்கியிருக்கிறார். பழையதில் சீட்டை மறுபடி அடிக்கும் பட்டன் அது. திரையில் ஒரு கட்டம் வந்து இங்கிலீஷில் ஏதோ கேட்டது. பழையதிலும் கேட்கும். எஸ் கொடுத்தார். அவ்வளவுதான். உள்ளே இருந்த பதினெட்டு லாரியின் முதல் எடையும் கம்ப்யூட்டரில் அழிந்து போய்விட்டது. பாதி லாரிகள் சரக்கை இறக்கிவிட்டன. இனி எதை எடை போடுவது?

நான் எஃப் ஒன் அமுக்கினேன். நெட் இல்லை என்று வந்தது. கடல் பக்கம், அடிக்கடி போகும். போன் போட்டோம், பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். பாயின் கை மேசையின் மேல் அந்தப் புத்தகம் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. “இன்னா மாமு பண்றது? சொல்லு, இன்னா பண்றது?” எனக்கும் தெரியவில்லை. ஜன்னலில் ஒரு டிரைவர், “பாய், எட தெரியலனா எங்கள தூக்கிப் பாத்து சொல்லேன்” என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை.

மேனேஜர் வந்தார். யார் செய்தது என்று கேட்டார். பாய் எழுந்து நின்றார். வேலை தெரியாதவன் என்று எழுதி அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். உட்கார்ந்து பார்க்கிற அந்த வேலை ஒன்றுதான் அவரால் முடியும். அது மேனேஜருக்கும் தெரியும். புத்தகம் கேட்டதையும், நான் வேண்டாம் என்றதையும் அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். லாரி நம்பர்களைக் குறித்துக்கொண்டு நின்றேன்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். தண்டையார்பேட்டையில் ஒரு குடோனுக்கு வாட்ச்மேன். நாற்காலி கிடையாது. நல்ல காலில் சாய்ந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அன்னிக்கி நானும் புக்கு வேணும்னு சொல்லியிருந்தா...” என்று ஆரம்பித்தேன்.

“வுடு மாமு. ரெண்டு பேரும் தற்குறின்னு ஒரே பேப்பர்ல எழுதியிருப்பானுங்கோ.” பிறகு கேட்டார். “அந்த எஃப் ஒம்போது இன்னாத்துக்குத்தான் வச்சிக்கிறானுங்கோ? இப்பவாச்சும் சொன்னாங்களா?”

“இல்ல பாய். யாரும் சொல்லல. அது மேல டேப்பு ஒட்டி வச்சிருக்கேன்.”

பாய் சிரித்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு லாரி வந்து நின்றது. கேட்டைத் தள்ளித் திறக்கப் போனார். தனியாக அவரால் முடியவில்லை. நானும் சேர்ந்து தள்ளினேன்.