சாக்கடை இல்லை, மழைநீர்க் கால்வாய்

பள்ளிக்கூடத்தில் ஒருவரை மழைநீர்க் கால்வாய்க்குப் பொறுப்பாசிரியராகப் போட்டால், அன்றிலிருந்து அவரோடு டீ குடிக்க வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள். பாடம் நடத்துவதோடு நிற்காமல் இன்னொரு பொறுப்பையும் தலையில் வாங்கிக்கொண்ட ஆசிரியப் பெருமக்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் பள்ளி மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், கடலோரத்தில் இருக்கிறது. நான் அறிவியல் டீச்சர். சொந்த ஊர் மதுராந்தகம். மாற்றலில் வந்து ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறேன். பள்ளிச் சுவரை ஒட்டி ஒரு கால்வாய் போகிறது. தெருவில் விழும் மழைத்தண்ணீர் அதில் ஓடி, எங்கேயும் சுத்தமாகாமல் நேராகக் கடலில் கலக்கும். போன மழைக்காலத்தில் கால்வாய் அடைத்துக்கொண்டு, ஆயில் மிதக்கும் கறுப்புத் தண்ணீர் ஆறாம் வகுப்புக்குள் ஏறியது. பிள்ளைகளுக்குக் காலெல்லாம் புண். "நீங்கதான் சயின்ஸ் ஆச்சே, இதைப் பார்த்துக்கங்க" என்றார் தலைமையாசிரியை. அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

பெயர் வைத்தார்கள்

பெற்றோர் கூட்டத்தில் பேசினேன். "இது சாக்கடை இல்லை, மழைநீர்க் கால்வாய். இதில் நாம் கொட்டுவதெல்லாம் கடலுக்குப் போகும், நாம் தின்கிற மீனுக்கும் போகும்" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். டீ கொடுத்து முடித்ததும் போய்ப் பார்த்தால், பேப்பர் கப்பெல்லாம் கால்வாயில் மிதக்கிறது. நான் குனிந்து ஒவ்வொன்றாகக் குச்சியால் இழுத்துப் போட்டேன். கூட்டம் என்னை ஒதுங்கித் தாண்டிக் கலைந்து போனது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கப் போனேன். தெருமுனையில் ஒரு மாணவியின் அம்மா ஸ்கூட்டி கழுவிக்கொண்டிருந்தார். சோப்பு நுரை கால்வாயைப் பார்த்து ஓடியது. குழாயைப் பிடித்திருந்த கணவரிடம் அவர் அவசரமாகச் சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது: "தண்ணிய நிறுத்துய்யா, சாக்கடை டீச்சர் வந்துகினு கீது!"

சாப்பாட்டு மேசை

பள்ளியில் என்னோடு உட்கார்ந்து மதியம் சாப்பிட்ட ஒரே ஆள் கணக்கு சார். அவர் வீட்டு வத்தக்குழம்பு எனக்கு, என் புளிச்சாதம் அவருக்கு. ஒருநாள் அவர் மெக்கானிக்கைப் பள்ளிக்கே வரவழைத்து பைக்குக்கு ஆயில் மாற்றினார். பழைய ஆயிலை ஊற்ற மெக்கானிக் கால்வாய்ப் பக்கம் போவதைப் பள்ளி மாடியிலிருந்து பார்த்துவிட்டேன். என்னை அறியாமல் கத்தினேன். பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடிவந்து வேடிக்கை பார்த்தார்கள். மெக்கானிக் ஆயிலை ஒரு கேனில் ஊற்றி எடுத்துப் போய்விட்டார். சாருக்கு முகம் செத்துவிட்டது.

மறுநாள் சார் டிபன் பாக்ஸோடு ஸ்டாஃப் ரூமின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்தார். எழுந்துபோய், "கோபமா சார்?" என்று கேட்டேன். மூடியைத் திறந்தபடி, நிமிராமல் சொன்னார்: "கோபமெல்லாம் இல்ல டீச்சர், உங்க பக்கத்துல உக்காந்தா சாப்ட்ட கைய எங்க கழுவுறதுன்னே பயமா இருக்கு."

பட்டறை

பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி, செல்வம் என்பவரின் சிற்பப் பட்டறை. மெஷினில் கல் அறுக்கும்போது தூசி பறக்காமலிருக்கத் தண்ணீர் விடுவார்கள். அந்த வெள்ளைத் தண்ணீர் கால்வாயில் இறங்கி, தூள் படிந்து, பாளம் பாளமாக இறுகிவிடும். அடைப்புக்குப் பாதிக் காரணம் அதுதான். ஒரு தொட்டி கட்டி அதில் விட்டால் தூள் அடியில் தங்கிவிடும், தெளிந்த தண்ணீரை மறுபடி மெஷினுக்கே எடுத்துக்கொள்ளலாம். இதைச் சொல்ல தினமும் சாயந்திரம் போனேன்.

முதலில், "இன்னாம்மா, நான் ஒருத்தன்தான் கடல நாசம் பண்றனா?" என்று சண்டைக்கு வந்தார். பிறகு வாதம் பண்ணினார். அப்புறம் நாற்காலி போட்டார். அவர் மனைவி லதா டீ கொண்டுவர ஆரம்பித்தார். எங்கம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று அந்த ஊரில் விசாரித்தவர்கள் அவர்கள் இருவர்தான். தொட்டிப் பேச்சை எடுக்க மறந்து திரும்பிய சாயந்திரங்களும் உண்டு.

ஒருநாள் போனபோது தொட்டி கட்டி முடித்திருந்தார்கள். தண்ணீர் தெளிவாக நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செல்வம் கையைத் துடைத்துக்கொண்டே, எனக்கு நல்லது செய்கிற நினைப்பில் சொன்னார்: "அவ்ளோதான் டீச்சர், இனிமே நீங்க தெனம் இங்க வந்து கஷ்டப்பட வேணாம்."

மழை

அதன்பிறகு சாயந்திரங்களில் போக இடமில்லை. பள்ளி விட்டதும் அறை, அறையை விட்டால் பள்ளி. அப்படியே மழைக்காலம் வந்தது. விடாமல் கொட்டியது. பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். நான் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

கால்வாய் நிறைய ஓடிக்கொண்டிருந்தது, செம்மண் நிறத்தில். ஆயில் படலம் இல்லை, நுரை இல்லை, எங்கும் அடைக்கவில்லை. ஆறாம் வகுப்பைத் திறந்து பார்த்தேன். தரை உலர்ந்து கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கொஞ்சம் நடந்தேன். யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது. தலைமையாசிரியைக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

எதிர்வீட்டு வாசலில் எஸ்தர் அக்கா நின்றிருந்தார். போன வருடம் இதே தண்ணீர் அவர் வீட்டிலும் புகுந்து அரிசி மூட்டையை நாசமாக்கியிருந்தது. மழைச் சத்தத்தை மீறிக் கத்தினேன்: "அக்கா, ஸ்கூல் உள்ள ஒரு சொட்டு ஏறல! உங்க வீட்லயும் ஏறலதானே?"

அவர் உள்ளே திரும்பித் தரையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "ஆமா டீச்சர், இந்த வாட்டி மழ கம்மி போலகீது."

கால்வாய் அடைத்துக்கொண்டால் ஊரே நம்மைத் தேடி வரும். அடைக்காமல் ஓடினால், குடை பிடித்துக்கொண்டு நாமே நின்று ரசித்துவிட்டு அறைக்குத் திரும்ப வேண்டியதுதான்.