பூசை போடாத கவ்வாத்து

நம்மூர் ஆட்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். இந்த ஸ்கொட்லாந்து ஊரில் ஞாயிற்றுக்கிழமையானால் ஆட்கள் சும்மாவே மலை ஏறுகிறார்கள். பறிக்கக் கொழுந்து கிடையாது, பொறுக்க விறகு கிடையாது, மேலே போய்ச் செய்ய ஒரு வேலையும் கிடையாது. விலை கூடிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஏறி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வந்த வழியே இறங்கிவிடுகிறார்கள். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எங்கள் டயகமத் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் மலை என்றால் வேலைத்தலம். அதற்கு நம்பர் உண்டு, அஞ்சாம் நம்பர் மலை, ஆறாம் நம்பர் மலை என்போம். சம்பளம் இல்லாமல் ஏறச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் தோட்டம் பார்க்கிறவர் இயன். இந்த ஊர்த் தேவாலயத்தில் இப்போது தரைவிரிப்புக் கடை நடக்கிறது. அதில் அவருக்குத் துளி வருத்தமில்லை. "அந்த வேதப் புத்தகத்தில் கிடைக்காதது எனக்கு மேலே மலையில் கிடைக்கிறது. நீயும் மலையில் பிறந்தவள், உனக்குப் புரியும்" என்றார் ஒருநாள். என் தங்கச்சி அங்கே மலைக்குள்தான் இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். "கொடுத்து வைத்தவள்" என்று சிரித்தார். விளக்கிச் சொல்லித்தான் என்ன ஆகப்போகிறது?

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாமியைப் பற்றி அவள் அறிந்ததெல்லாம் மலையைப் பார்த்துப் பார்த்து அறிந்ததுதான். காலையில் மேகம் மூடிக் கிடந்தால், "இன்னைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு, பாத்துப் போங்க" என்பாள், ஏதோ மாமியாரைப் பற்றிச் சொல்வதுபோல. தேயிலைச் செடிகளை வெட்டி இறக்கும் கவ்வாத்து வேலை தொடங்கும் நாளில், மேட்டிலே சவுக்கு மரத்தடிக் கல்லுக்குப் பொங்கல் வைப்பார்கள். கவ்வாத்துக் கத்திகளை அதன் முன்னால் அடுக்கி, தேங்காய் உடைத்துக் கும்பிட்ட பிறகுதான் முதல் செடியில் கத்தி படும். அப்பா இருந்தவரை அவர் உடைத்தார். பிறகு அது அண்ணன் கைக்கு வந்தது.

அண்ணன் அப்போது பெருங்குடிகாரன். சபைக்காரர்கள் தேடி வந்து அவன் கையில் வேதப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். குடி நின்றது, வீட்டில் சத்தம் நின்றது. உண்மையைச் சொல்லவேண்டும், அவனை மனுசனாக்கியது அந்தப் புத்தகம்தான். அதனால்தான் போன வருஷம் கவ்வாத்துக்கு, "கல்லு முன்னால குனியமாட்டேம்மா, என் ஆண்டவருக்குப் பிடிக்காது" என்றான். அவன் மாட்டேன் என்றதும் வேறு யாரும் முன்வரவில்லை, பூசை போடாமலே வெட்டினார்கள். அம்மா மட்டும் ஞாயிறுதோறும் போய் அந்தக் கல்லுக்கு விளக்கு வைத்துவிட்டு வந்தாள்.

பிறகு கார்த்திகை அடைமழை வந்தது. அன்றும் ஞாயிறு. அண்ணன் சபைக்குப் போயிருந்தான், அம்மா கல்லடிக்குப் போயிருந்தாள். தங்கச்சி செல்வி எந்தச் சாமியோடும் பெரிய சங்காத்தம் வைத்துக்கொள்ளாதவள். ரெண்டு பேரும் பசியோடு வருவார்களே என்று தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் காம்பராவில் சோறாக்கிக்கொண்டிருந்தாள். லயத்துக்குப் பின்னாலிருந்த மலை அப்படியே இறங்கிவிட்டது. பல நாள் தோண்டினார்கள். அவள் கிடைக்கவில்லை.

இப்போது அம்மாவும் அண்ணனும், வீடு இழந்தவர்களைத் தங்கவைத்திருக்கும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடுவே ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டு, ஆளுக்கொரு பக்கம் படுக்கிறார்கள். அம்மா அவன் முகம் பார்த்துப் பேசுவதில்லை, அவன் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்குவதில்லை. "பூசைய நிறுத்துனான், மலை எம்புள்ளைய எடுத்துக்கிச்சு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். சபைப் போதகர் வந்து, ஆண்டவர் உன்னைக் காப்பாற்றினார் என்று அண்ணனுக்கு ஜெபம் பண்ணினாராம். அண்ணன் எனக்கு போன் எடுத்து அழுதான்.

"என்னயக் காப்பாத்துனாருன்னா அவள ஏன் விட்டாரு? பொஸ்தகம் பூராத் தேடிட்டேன் பாப்பா. நீ சொல்லு, நான் தேங்கா ஒடைக்காததாலயா?"

"இல்லண்ணே. மழைதான்ணே."

"மழைய யாரு அனுப்புனது?"

மலையோடு பேசிப் பழகிய அம்மாவுக்கு அது இறங்கப்போவது தெரியவில்லை. வேதத்தை மனப்பாடமாய் ஒப்பிக்கிற அண்ணனுக்கு அது இறங்கிய பிறகு ஒரு வசனம் அகப்படவில்லை. இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் அவனுக்குச் சொல்லுங்கள்.

இந்த வருஷக் கவ்வாத்து வந்தது. அம்மா சரியாகச் சாப்பிடாமல் நாராய்ப் போய்க்கொண்டிருந்தாள். பார்க்கப் பொறுக்காமல் அண்ணன் போய்த் தேங்காய் உடைத்தான். சபையில் அவனைப் பின்வாங்கிப் போனவன் என்றார்கள், அங்கே போவதை விட்டுவிட்டான். பொங்கலை இலையில் வைத்து அம்மாவிடம் நீட்டியிருக்கிறான். வாங்கினாள், ஒரு வாய் வைத்தாள். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாளாம்: "இனிமே அவ வந்துருவாளா?" மிச்சப் பொங்கலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அண்ணன் மறுபடி குடிக்கிறான்.

போன ஞாயிறு, இயன் விடாமல் கூப்பிட்டதால் நானும் இங்கே மலை ஏறினேன். உச்சியில் ஒரு கற்குவியல். ஏறி வருகிறவர்கள் ஆளுக்கொரு கல் வைக்கவேண்டுமாம், வழக்கமாம். ஒரு கல்லை எடுத்தேன். வைக்க மனம் வரவில்லை, எறியவும் பயமாயிருந்தது. கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். எல்லோரும் தூரத்து ஏரியைப் பார்த்து நின்றார்கள். "உணர முடிகிறதா?" என்று மெல்லக் கேட்டார் இயன். முடிகிறது என்று சொல்லிவைத்தேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது நேர் கீழே, மலையை ஒட்டி இருக்கும் வீட்டு வரிசையை. என் வீடும் அதில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. மலைக்குப் போனவர்கள் பசியோடு வருவார்களே என்று யாரோ ஒருத்தி அடுப்பு மூட்டியிருந்தாள்.