மூன்று பேர் ஆடும் ஆட்டம்

பட்டியல் என்று எதை நீட்டினாலும் நம்பிவிடுகிற ஆள் இல்லை இந்திராதேவி. மலாக்கா டவுனில் கப்பல் சரக்கு அனுப்புகிற ஆப்பீஸ் ஒன்றில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே டைப் அடிக்கிறவள். தாளில் ஒன்று இருக்கும், பெட்டியைத் திறந்தால் வேறொன்று இருக்கும் என்பது அவளுக்குப் பழகிப்போன சங்கதி. அப்படிப்பட்டவள்தான் தொண்ணூற்று எட்டாம் வருஷம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஆப்பீசுக்குப் புதிதாக வந்திருந்த இன்டர்நெட் முன்னால் உட்கார்ந்து, முகம் தெரியாத வெள்ளைக்காரர்கள் ஆசைக்குப் போட்டுவைத்த விளையாட்டுப் பட்டியல்களைப் படித்துக்கொண்டிருந்தாள். மேசையில் விரித்து, காய் நகர்த்தி ஆடுகிற பெட்டி விளையாட்டுகள். வயதுக்கு வந்த பெண்ணை வைத்திருக்கிறவளுக்கு இது என்ன கூத்து என்று ஆப்பீசில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மூன்று பேர் ஆடக்கூடிய ஆட்டம்.

சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டத்தில் கித்தா மரம் சீவி ரப்பர் பால் எடுத்தவர்களின் மகள் அவள். தோட்டத்து லயத்து வீடுகளில் ஆட்டம் என்றால் ஆம்பிளைகள் காசு வைத்து ஆடுவது, பெண்கள் அதைப் பார்த்து வைவது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். தெங்கேராவில் வாடகை வீட்டுக்குக் குடிவந்து, புருஷன் மணியம் பஸ் ஓட்ட, அவள் ஆப்பீஸ் போக, இரண்டு பிள்ளைகளும் வளர்ந்து நின்ற பிறகுதான் பெட்டி விளையாட்டு வீட்டுக்குள் வந்தது. கொண்டுவந்தவன் மூத்தவன் யுகேந்திரன்.

சுற்றுலாக்காரர்கள் தங்குகிற விடுதி ஒன்றில் அவனுக்கு வேலை. யாரோ ஒரு ஜெர்மன்காரன் சுமை தாங்காமல் ஒரு பெட்டியை அறையிலேயே விட்டுப் போய்விட்டான். உள்ளே கடல் படம் போட்ட பலகை, நாலு துறைமுகம், மரத்தால் செய்த சின்னச் சின்னக் கப்பல்கள். விதிமுறை ஜெர்மன் மொழியில் இருந்தது. அடுத்து வந்த ஜெர்மன்காரியைப் பிடித்து, பசியாற ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்து, அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தான் பையன். அப்புறம் வெள்ளிக்கிழமை தவறாமல், சாமி கும்பிட்டு முடிந்ததும் நாலு பேரும் மேசைக்கு வந்துவிடுவார்கள். யுகேந்திரனுக்கு எப்போதும் நீலக் கப்பல். ஜெயிக்கப் போகிறான் என்றால் மூக்கைத் தடவுவான். தங்கச்சி திலகவதி, “அண்ணே மூக்கத் தொட்டுட்டான், அவ்ளோதான்லா,” என்று கத்துவாள். பஸ்ஸில் நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிற மணியம், மகன் தன் கப்பலை மறித்தால், “திருட்டுப் பயலே!” என்று வீடு அதிரச் சிரிப்பார்.

அந்தத் தொண்ணூற்று எட்டில்தான், பொங்கல் கழிந்து, கோலா சுங்கை பாருவில் சிநேகிதன் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது மழைச்சாலையில் யுகேந்திரனின் மோட்டார் சைக்கிள் வழுக்கியது. பையன் வீடு வந்து சேரவில்லை. அதற்குமேல் சொல்ல வேண்டாம்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று. மணியம் வேலைக்குப் போனார், வந்தார், தட்டைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். திலகவதி அறைக்குள்ளேயே சாப்பிட்டாள். மேசையில் சலவைத் துணி குவிந்தது. யாரும் அதில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் நாலாவது நாற்காலியைப் பார்த்தாக வேண்டும். ராத்திரி வாசலில் எந்த மோட்டார் சத்தம் கேட்டாலும் மூன்று பேரும் மூன்று இடத்தில் அசையாமல் நிற்பார்கள். சத்தம் கடந்து போனதும் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். செத்தவன் ஒருவன். வீட்டைவிட்டுப் போனது நாலு பேர்.

இந்திராதேவி ஒருநாள் துணிகளை எடுத்துவிட்டுக் கப்பல் ஆட்டத்தை விரித்தாள். மணியம் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர்மேல் குற்றம் இல்லை. அது மூன்று பேருக்கு ஆகாத ஆட்டம். முன்பு ஒருமுறை மணியத்துக்கு இரவு வேலை விழுந்தபோது மூன்று பேராக ஆடிப் பார்த்தவர்கள்தான் அவர்கள். காலியாக இருக்கிற துறைமுகத்துக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ, அவருக்குக் கடல் முழுக்கச் சொந்தம். ஆட்டம் பூராவும் ஆளில்லாத இடத்தைச் சுற்றியே நடக்கும்.

வேறு ஆட்டம் வேண்டும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் பட்டது. மலாக்காவில் அந்த மாதிரிப் பெட்டி கிடைக்காது. ஆப்பீசில் கூட வேலை செய்கிற ராகினியின் அண்ணன் சிங்கப்பூரில் இருந்தான். பெயர் சொன்னால் கடையில் சொல்லி வரவழைத்துத் தருகிறேன் என்றான். என்ன பெயர் சொல்வது? தப்பான ஆட்டம் வந்தால் மறுபடி ஒருமுறை மணியத்தை மேசைக்குக் கூப்பிட முடியாது. ஒரே ஒரு தடவைதான் அவளுக்கு.

“எல்லாரும் எது நல்லாருக்குன்னு சொல்றாங்களோ அதையே வாங்கிடுங்கக்கா,” என்றாள் ராகினி. “இதுக்குப் போயி மண்டைய ஒடச்சிக்கிட்டு.”

“எல்லாரும் நல்லாருக்குன்னுதான்லா சொல்றாங்க. யாருக்கு நல்லாருக்குன்னு சொல்லலியே, ராகினி.”

பட்டியல்களுக்குக் குறைவே இல்லை. ஆளுக்கு ஒன்று போட்டு வைத்திருந்தார்கள். உலகத்திலேயே சிறந்த நூறு, குடும்பத்தோடு ஆட இருபது, மழை நாளுக்கு, ரயில் பயணத்துக்கு. பெரும்பாலும் ஒருவன் எழுதியதைப் பார்த்து இன்னொருவன் எழுதியது. பெட்டியின் மேல் போட்டிருக்கிற புகழ்ச்சியை அப்படியே இறக்கி வைத்தவர்களும் உண்டு. வாரக்கணக்கில் படித்துச் சலித்த பிறகு அவள் தனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டாள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். எந்தப் பட்டியலைத் திறந்தாலும் முதலில் கப்பல் ஆட்டத்தைத் தேடுவாள். ‘இரண்டு முதல் நாலு பேர் வரை ஆடலாம், அருமை’ என்று இருந்தால் உடனே மூடிவிடுவாள். ஆடாமலே எழுதுகிற பயல்! இதில் பொய் சொல்கிறவன் எதில்தான் உண்மை சொல்வான்?

அப்படி மூடி மூடி வந்தவள் கடைசியில் ஒன்றில் நின்றாள். படம் இல்லை, வண்ணம் இல்லை. எழுதியவர் ஸ்காட்லாந்துக்காரர், வாத்தியார் வேலை பார்ப்பவர். தலைப்பே ‘மூன்று பேருக்கு’ என்றிருந்தது. நல்ல ஆட்டங்களுக்குக் கீழே, தொடக்கூடாத ஆட்டங்கள் என்று தனியாகப் போட்டிருந்தார். அதில் கப்பல் ஆட்டம் இருந்தது. பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: ‘மூன்று பேராக இதை ஆடாதீர்கள். வராதவர் ராத்திரி முழுக்க உங்களோடு உட்கார்ந்திருப்பார்.’

இந்திராதேவி அந்த வரியை மறுபடி மறுபடி படித்தாள். சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லாரும் வந்துவிட்ட பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

அந்தப் பட்டியலில் முதலாவதாக இருந்த பெயரைச் சிங்கப்பூருக்குச் சொல்லியனுப்பினாள். மலையேறுகிற ஆட்டம். தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் பெட்டி வந்து சேர்ந்தது.

சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் தீபாவளி கிடையாது. படையல் மட்டும்தான். யுகேந்திரன் படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டு, ஆட்டுக்கறி, நண்டுக் குழம்பு, வடை, அவன் விரும்பிக் குடிக்கிற சார்சி போத்தல், ஒரு புதுச்சட்டை எல்லாம் வைத்தார்கள். தோட்டத்தில் இந்திராதேவியின் வீட்டார் வழக்கம் ஒன்று உண்டு. துக்கத்து வருஷத்தில் வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் முதலில் போனவர் முன்னால் வைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் தொட வேண்டும். குண்டான் வாங்கினாலும் அப்படித்தான், குடை வாங்கினாலும் அப்படித்தான். பிரிக்காத விளையாட்டுப் பெட்டியை அவள் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். மணியம் பார்த்தார். சூடத்தைக் கொளுத்தினார்.

கதவைச் சாத்திவிட்டு மூவரும் வெளியே நின்றார்கள். அவன் வந்து சாப்பிட நேரம் விட வேண்டும். பிறகு மணியம் தொண்டையைக் கனைத்தார். உள்ளே இருக்கிறவர்களுக்குச் சொல்லாமல் திடுதிப்பென்று கதவைத் திறக்கக் கூடாது. கனைத்துவிட்டுத் திறந்தார்.

சாயங்காலம், இலை எடுத்துச் சாப்பிட்டு முடிந்ததும், இந்திராதேவி மேசையைத் துடைத்தாள்.

“ஏங்க, அவனுக்கு வெச்சது. பிரிக்காம அப்படியே கெடந்தா நல்லாவா இருக்கு? ஒரு ஆட்டம் போட்டுட்டு எடுத்து வெச்சிடலாம்.”

மணியம் நின்றார். அவர் சட்டையை எடுக்கப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் நாற்காலியை இழுத்தார்.

பலகையில் ஒரு மலை. நாலு நிறத்தில் நாலு கோவேறு கழுதைகள். திலகவதி பச்சையை எடுத்தாள், மணியம் சிவப்பை, இந்திராதேவி மஞ்சளை. விதி என்னவென்றால், மூன்று பேர் ஆடினால் மிஞ்சுகிற நிறம் யாருக்கும் சொந்தமில்லை. அவரவர் முறையில் தன் கழுதையை நகர்த்திய பிறகு, வேண்டுமானால் அந்த ஆளில்லாக் கழுதையையும் நகர்த்தி மற்றவர் வழியை மறிக்கலாம். அது முதலில் உச்சிக்குப் போய்விட்டால் மூன்று பேருக்குமே தோல்வி.

அதைப் படித்துச் சொல்லி முடித்த பிறகுதான் மூவருக்கும் தெரிந்தது, நீலத்தை யாரும் எடுக்கவில்லை. சொல்லிவைத்தா செய்தார்கள்? கை அந்தப் பக்கமே போகவில்லை. ஆளில்லாத இடம் இல்லாத ஆட்டமாகத் தேடித்தேடி இவள் வாங்கினாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

இந்திராதேவி பலகையை மடக்கக் கை நீட்டினாள். அதற்குள் மணியம் தன் சிவப்பை ஓர் அடி வைத்து, நீலத்தையும் எடுத்து வைத்துவிட்டார். குறுக்கே வைக்கவில்லை. நல்ல வழியாகப் பார்த்து மேலே ஏற்றி வைத்திருந்தார்.

அப்புறம் யாராலும் அதை நிறுத்த முடியவில்லை. நீலத்தை மறிப்புக்குத்தான் வைக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அவர்களோ ஆளுக்கு ஆள் அதைத் தூக்கித் தூக்கி மேலே விட்டார்கள். “அண்ணே இந்தப் பக்கம் போக மாட்டான்மா. அவன் சுத்து வழியா வந்துதான் கவுப்பான்,” என்று திலகவதி அம்மா வைத்ததை மாற்றி வைத்தாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் பேசிய முழு வாக்கியம் அது. மணியத்தின் உதட்டோரம் எதுவோ அசைந்தது.

நீலக் கழுதை உச்சிக்கு ஓர் அடி கீழே வந்து நின்றது. இனி யார் தொட்டாலும் ஆட்டம் முடிந்துவிடும். மணியம் தன் முறையில் தொடவில்லை. திலகவதியும் தொடவில்லை. இந்திராதேவியின் கை காற்றிலேயே நின்று திரும்பியது. அவனை ஏற்றிவிட்டால் அவன் போய்விடுவான். அதைச் செய்ய யாருக்கு மனசு வரும்?

“கோப்பி குடிச்சிட்டு வருவோம்,” என்றார் மணியம்.

சமையலறையில் நின்றபடியே குடித்தார்கள். திரும்பும்போது கூடத்து வாசலில் மணியம் நின்று, தொண்டையைக் கனைத்தார். அவருக்கே தெரியாமல் வந்த கனைப்பு. பிறகு உள்ளே போனார்.

நீலக் கழுதை உச்சியில் நின்றது.

“திருட்டுப் பய,” என்றார் மணியம். சிரிப்புத்தான் முதலில் வந்தது. வீடு அதிருகிற அந்தப் பழைய சிரிப்பு. அதிலேயே அழுகையும் வந்துவிட்டது. “செத்தும் ஜெயிச்சிட்டான் பாரு, திருட்டுப் பய...” திலகவதி அப்பாவின் தோளைக் கட்டிக்கொண்டாள். இந்திராதேவியும் அழுதாள். ஒரே மேசையைச் சுற்றி மூன்று பேரும் அழுதார்கள். அவன் போனதிலிருந்து அவர்கள் சேர்ந்து அழவில்லை.

அழுது ஓய்ந்த பிறகு திலகவதி கேட்டாள். “அப்பா, நீங்கதான வெச்சீங்க?”

“நானா? நீ வெச்சேன்னு நெனச்சேன்.”

இருவரும் இந்திராதேவியைப் பார்த்தார்கள். அவள் வைக்கவில்லை. கோப்பிக்கு நடுவில் திலகவதி முகம் கழுவப் போயிருந்தாள். மணியம் சிகரெட் பற்றவைக்க முன்பக்கம் போயிருந்தார். யாராவது வைத்திருக்கலாம், வைத்துவிட்டுச் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் மணியத்துக்குப் பொய் சொல்ல வராது. திலகவதி பொய் சொன்னால் காது சிவந்துவிடும், சிவக்கவில்லை. இந்திராதேவி சுவரிலிருந்த யுகேந்திரன் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். படத்தில் இருந்தவன் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“சரி, விடு,” என்றார் மணியம் கடைசியில். “இன்னொரு ஆட்டம் போடு. இந்தத் தடவ அவன விடக்கூடாது.”

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் கூப்பிடுவதற்கு முன்னாலேயே மணியம் மேசையில் உட்கார்ந்திருந்தார். நாலாவது நாற்காலியைத் துடைத்து, இழுத்துப் போட்டிருந்தார். அதற்கு எதிரே நீலத்தை எடுத்து வைத்திருந்தார். அதற்குப் பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு அவர் போகவில்லை. திலகவதி அறையில் சாப்பிடவில்லை. மேசையை விட்டு எழுந்து போனவர்கள் திரும்பி வரும்போது மட்டும் வாசலில் நின்று கனைத்துவிட்டு வருவார்கள். அது வீட்டுப் பழக்கமாகவே ஆகிவிட்டது. வந்த விருந்தாளிகள் சளி பிடித்திருக்கிறதா என்று கேட்பார்கள்.

ஸ்காட்லாந்து வாத்தியாருக்கு இந்திராதேவி ஒரு கடிதம் அனுப்பினாள், ஆப்பீஸ் கம்ப்யூட்டரிலிருந்து. நன்றி சொன்னாள். பிறகு, சரக்கு ஆப்பீஸ்காரி அல்லவா, தப்பைத் தப்பென்று சொல்லாமல் விட மனசு கேட்கவில்லை. ‘உங்கள் பட்டியலில் அந்த ஆட்டம் மாறிப்போய் இருக்கிறது, ஐயா. அது மூன்று பேருக்கான ஆட்டம் இல்லை. நாலு பேருக்கானது,’ என்று எழுதினாள்.

பதில் மறுநாளே வந்திருந்தது.

‘தெரியும் அம்மா. நாலு பேர் இருக்கிற வீட்டிலிருந்து யாரும் இந்தப் பட்டியலைத் தேடி வருவதில்லை. எங்கள் வீட்டில் அவளுடைய நிறம் மஞ்சள்.’