முன்கண்ணாடி மாற்றிய கதை

சுண்ணாம்பு ஏன் இன்னும் கொதிக்கவில்லை என்று பானைக்குள் முகத்தை நீட்டிப் பார்த்த ஒரே அறிவாளி இந்த ஜில்லாவிலேயே நானாகத்தான் இருப்பேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்கலாம் என்று சுண்ணாம்புக்கல்லில் தண்ணீர் ஊற்றியிருந்தேன். சத்தத்தையே காணோம். பஸ் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்துப் பழகிய புத்தி, பானையிலும் எட்டிப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து அது ஸ்டார்ட் ஆனது.

வலது கண்ணில் நெருப்பு. செவிலிமேட்டில் எங்கள் தெருவே கூடி வைத்தியம் பார்த்தது. ஒருவர் விளக்கெண்ணெய் விட்டார். பக்கத்து வீட்டுக்காரி தாய்ப்பால் பீய்ச்சினாள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்க வேண்டும் என்று பிறகு டாக்டர் சொன்னார். அது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

புண் ஆறியபோது கண்மேல் முட்டை ஓடு மாதிரி வெள்ளை படர்ந்திருந்தது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. நானோ டவுன் பஸ் டிரைவர். பெரிய காஞ்சிபுரத்துக்கும் திருப்புட்குழிக்கும் ஸ்டியரிங் பிடிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. கண் சரியானால் வா, டிரைவர் சீட் உனக்குத்தான் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

போன கண் திரும்பி வந்ததாகக் கோயில் கதை உள்ள ஊர் எங்களுடையது. எனக்கென்னவோ மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போ என்றுதான் உத்தரவானது. கருவிழிக்கு மேலே கண்ணாடி போல இருக்கும் தோல் வெந்துவிட்டது, இறந்தவர் ஒருவரின் கண்ணிலிருந்து எடுத்துத் தைக்க வேண்டும் என்றார் டாக்டர். எனக்கு உடனே புரிந்தது. பஸ்ஸுக்கு முன்கண்ணாடி மாற்றுகிற வேலை. செகண்ட்ஹாண்ட் கிடைக்கும்வரை வண்டி ஷெட்டில் நிற்க வேண்டும்.

நின்றது. அடுத்த பொங்கல் நெருங்கும்போதுதான் வார்டில் கட்டில் கிடைத்தது. வராந்தாவில் யாராவது வேகமாக நடந்தால் என் காது நிமிரும். இந்த மெட்ராஸில் இன்றைக்கு ஒருத்தர்கூடச் சாகவில்லை போல என்று மனைவியிடம் அலுத்துக்கொண்டேன்.

"யார் வூட்லயோ அழுதுக்கினு இருக்கப் போறாங்க. இன்னா பேச்சு இது?" என்றாள்.

ஒரு மதியம் கண் வந்தது. யாருடையது என்று கேட்டேன். நர்ஸ் இமையை விரித்துச் சொட்டு மருந்து விட்டார்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு கண்ணுக்கும் கட்டு, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை. இருமக்கூடாது, சிரிக்கக்கூடாது, தையல் விட்டுவிடும். அந்த வார்டில் எல்லோருக்கும் அதே சட்டம். நான் ஜோக் சொன்னால் மறுபக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வராது. அடக்கிக்கொள்கிறார்களா, முகத்தைச் சுளிக்கிறார்களா, எனக்கு எப்படித் தெரியும்? முகம் தெரியாமல் ஜோக் சொல்வது, லைட் இல்லாமல் வண்டி ஓட்டுவது மாதிரி. கொஞ்ச நாளில் நானே நிறுத்திவிட்டேன்.

கட்டு அவிழ்த்தபோது மங்கல்தான், போகப்போகத் தெளிந்தது. மாசி, பங்குனி முழுக்க ரோட்டோரம் நின்று, இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, வருகிற பஸ்களின் போர்டையெல்லாம் சத்தமாகப் படித்தேன். பைத்தியம் என்று ஒதுங்கிப் போனவர்கள் உண்டு. சித்திரை முடிவதற்குள் வந்துவிடுவேன் என்று முதலாளிக்குச் சொல்லியனுப்பினேன்.

சித்திரையில் ஒரு காலை, இன்றைக்குப் பனி அதிகம் என்றேன்.

"சித்திரைல ஏது பனி?" என்ற மனைவி, கையிலிருந்த சொம்பை வைத்துவிட்டு என் கண்ணையே பார்த்தாள். வைப்பர் போட்டால் சரியாகிவிடும் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

சுண்ணாம்பு கருவிழியின் ஓரத்தைச் சுற்றிலும் வேகவைத்துவிட்டது, அங்கிருந்து ரத்தக் குழாய்கள் புதுத் தோலுக்குள் ஏறிவிட்டன, மறுபடி தைத்தாலும் இதே கதிதான் என்றார் டாக்டர். யாரோ ஒரு வீட்டில் அழுகைக்கு நடுவே எடுத்துக் கொடுத்ததை, ஒரு கோடைக்குக்கூட என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை.

ஷெட்டுக்குப் போனேன். முதலாளியைப் பார்த்ததும், "ரோடு ஒண்ணுதானேங்க, அதுக்கு எதுக்கு ரெண்டு கண்ணு?" என்றேன். அவர் பஸ் சாவியை என் பக்கம் வீசினார். என் கை காற்றைப் பிடித்தது. சாவி காலடியில் விழுந்தது. அவரே குனிந்து எடுத்து, ஆயில் கறையை வேட்டியில் துடைத்தார்.

"நாளைலேர்ந்து கண்டக்டர் பைய மாட்டிக்கோ."