கடலில் துளை போடும் கப்பலுக்கு வேண்டாத மண்

உடன்குடி வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. புதுத் துறைமுகத்துக்காகத் தூத்துக்குடிக் கடலில் துளை போட்டு அடிமண் பார்க்கிறது ஒரு கப்பல். அதில் நங்கூரப் படகு வேலைக்குப் போன என் வீட்டுக்காரரைச் சங்கிலி இழுத்துக்கொண்டு போய்விட்டது. உடல் கிடைக்கவில்லை. வெறும் குழியை மூட மாட்டோம், அது வீட்டில் இன்னொரு ஆளைக் கேட்கும் என்று கொழுந்தன்மார் சொல்லிவிட்டார்கள். குழியில் வைக்க அவர் கிடக்கும் இடத்து மண்ணாவது வேண்டும் என்று மாசி மாதம் கிளம்பினேன்.

யுத்தம் முடிந்தும் பெட்ரோல் கிடைக்காமல் பஸ் இன்னும் கரியில்தான் ஓடுகிறது. திருச்செந்தூரில் மாறி ஏறினேன். ஆத்தூர் தாண்டி அது நின்றுவிட்டது. எல்லாரும் நிழல் தேடினார்கள். நான் நடந்துகொண்டே இருந்தேன். பஸ் பின்னால் வந்து ஏற்றிக்கொண்டது.

தூத்துக்குடியில் கரையோரம் ஆழம் போதாது. கப்பல் ஐந்து மைல் தள்ளி நிற்கிறது. தோணிக்கு எட்டணா.

"ஏளா, உக்காரு. நீ எந்திக்க எந்திக்க தோணிதான் ஆடுது, கப்பலு கிட்ட வரல்ல" என்றார் தோணிக்காரர்.

நாலு பக்கமும் நங்கூரம் போட்டு அசையாமல் நிற்கிறது கப்பல். நடுவில் இரும்புக் கோபுரம். கப்பலின் வயிற்றிலேயே ஓட்டை. அதன் வழியே குழாயோடு குழாய் முடுக்கி, ஆறு ஆள் ஆழத் தண்ணீருக்கு அடியில் பாறை வரை இறக்குகிறார்கள். காற்று மாறினால் ஒரு சங்கிலியை இழுத்து இன்னொன்றைத் தளர்த்துவார்கள். அந்த வேலையில்தான் அவர் போனார்.

துளையிலிருந்து எடுத்து மரப்பெட்டியில் அடுக்கியிருந்த மண் துண்டைத் தொட்டேன். மேஸ்திரி ஓடி வந்தார்.

"தொடாதீங்கம்மா! எல்லாம் ஆபீசுக்குப் போவணும்."

எதற்கு வந்தேன் என்று சொன்னேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டார்.

"அது அடிமண்ணுல்லா, மனுசன் படாத ஆழம். அவரு மேல் சேத்துலதான்..."

"அந்தச் சேறு எங்க?"

"அது எங்களுக்கு வேண்டாம். கழுவிக் கடல்லயே விட்டுருவோம்."

"எனக்கு அதுதான் வேணும் அண்ணாச்சி."

அன்று அவர் போன இடத்துக்குப் பக்கத்திலேயே புதுத் துளை தொடங்கினார்கள். முதல் குழாயில் வந்த கறுத்த சேற்றை முந்தானையில் ஏந்திக்கொண்டு தோணியில் இறங்கினேன்.

"ஏளா, எல்லாம் ஒழுகுதே! கடல மறுபடி கடல்லயே ஊத்துதியா?" தோணிக்காரர் தன் கஞ்சியை மடமடவென்று குடித்துவிட்டுச் சட்டியைக் கழுவி நீட்டினார்.

போகிறவர்கள் விடியலிலேயே போங்கள். காற்று ஏறினால் தோணி விட மாட்டார்கள். என்னைப்போல வருகிறவர்கள் ஒரு பாத்திரம் கொண்டு போங்கள். துணியில் அந்தச் சேறு நிற்காது.

திரும்பும்போது ஆத்தூர்ப் பக்கம் பஸ் மறுபடி நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. சட்டி மடியில் இருந்தது.