அக்கா பார்த்த அச்சுப்படி

பதின்வயதினருக்கு நாவல் எழுதும் தங்கைக்குப் பிழை பார்க்க அச்சுப்படி வந்தாலே தையற்கார அக்காவுக்குச் சந்தேகம் கிளம்பிவிடும். எட்டாவதோடு நின்றவள்தான், ஆனாலும் வரிக்கு வரி அளவுகோலை வைத்து, கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டுத்தான் விடுவாள்.

"பதிப்பாளர் மூணு தடவ போன் பண்ணிட்டாரு. அச்சடிக்கலாம்னு கையெழுத்துப் போட்டுடறேனேக்கா."

"இத்தன அவசரம் எதுக்குன்னுதான் உறுத்துது. இருடி."

கடைசி அத்தியாயத்தில் அளவுகோல் நின்றது. தங்கை எழுதிய கதையில் நாயகி வெளியூருக்குப் படிக்க பஸ் ஏறுகிறாள். அச்சிலோ, அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டு வீட்டோடு இருந்துவிட்டாள்.

தங்கை அந்தப் பக்கத்தை இழுத்துப் படித்தாள். "இத நான் எழுதலக்கா."

"உன் எழுத்து எனக்குத் தெரியாதா? பேனாவ மூடு, போனக் குடு. அந்தப் பொண்ண மறுபடி பஸ் ஏத்திவிட்டாத்தான் கையெழுத்துன்னு சொல்றேன்."