அண்ணன் பங்குத் தென்னைகள்

நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது தோட்டத்தில் நான்கு தென்னை மரங்கள் இருந்தன. எல்லாம் இளசு. அப்போதுதான் காய்க்க ஆரம்பித்திருந்தன. நான் பிறந்த ஊர் தண்டலத்துக்கு அந்தப் பக்கம். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் பனைதான். தேங்காய் என்றால் கடைக்குப் போய் வாங்கிவருவது. வாக்கப்பட்ட வீட்டில் சமையற்கட்டுக் கதவைத் திறந்தால் எதிரிலேயே காய்த்துத் தொங்குகிறதே என்று எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். காய்த்தது உண்மைதான். எங்களுக்காக இல்லை என்பது வந்த முதல் வாரத்தில் தெரிந்தது.

மாமனார் போன பிறகு ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பாகம் பிரித்திருக்கிறார்கள். வீடும் தோட்டமும் சின்னவரான என் வீட்டுக்காரருக்கு. ஏரிக்குக் கீழே இருந்த நஞ்சையில் பெரிய பங்கு அவருடைய அண்ணனுக்கு. கடைசியில் இரண்டு பக்கமும் சரியாக வரவில்லை, அண்ணன் பக்கம் கொஞ்சம் குறைகிறது என்று ஒரு பேச்சு வந்ததாம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, எல்லோருக்கும் வீட்டுக்குப் போகவேண்டும். யாரோ ஒருவர், "சரி, தோட்டத்துல கீற தென்ன நாலும் பெரியவனுக்கு" என்று சொல்லி எழுந்துவிட்டார். ஆக, மண் எங்களுடையது, மரம் மச்சாண்டாருடையது. தண்ணீர் ஊற்றுவது யார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. ஊற்றியது நான்தான்.

மச்சாண்டார் ஊரின் அந்தக் கோடியில் ரோட்டைப் பார்த்து வீடு கட்டிக்கொண்டு போயிருந்தார். காய் முற்றியதும் அவர் மனைவி, என் ஓர்ப்படி, மரம் ஏறுகிறவரையும் ஒரு கோணிப்பையையும் கூட்டிக்கொண்டு வருவாள். வாசல் வழியாக வந்து, கூடத்தைக் கடந்து, அடுப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தோட்டத்துக்குப் போவாள். வேறு வழியும் கிடையாது. மரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பாள்.

"போன தபா பாத்தப்போ இந்தக் கொலையில இன்னும் காயி கீற மாதிரி இருந்துதே?"

"எலி கடிச்சிருக்கும்க்கா."

"எலிக்குத் தொரட்டி புடிக்கத் தெரியுமா?"

நான் ஒன்றையும் தொட்டதில்லை. தானாக விழுந்த காயைக்கூட மூலையில் எடுத்துவைத்து, அவள் வந்ததும் கொடுத்துவிடுவேன். நல்லவள் என்பதால் இல்லை. அந்தப் பேச்சை என்னால் கேட்கமுடியாது என்பதால். தலைக்கு மேல் நான்கு மரம் காய்க்க, நான் பொட்டுக்கடலையை மட்டும் போட்டுச் சட்னி அரைத்தேன். என் வீட்டுக்காரர் அதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவார். மறைமலை நகரில் புதிதாக ஆரம்பித்த ஒரு கம்பெனியில் அவர் ஃபிட்டர். காலை ஷிப்ட் என்றால் இருட்டோடு கிளம்பவேண்டும். சட்னியைப் பற்றிப் பேச அவருக்கு நேரம் இல்லை.

சண்டை வந்தது காயால் இல்லை, மட்டையால். மரங்கள் வளர்ந்து ஓட்டுக்கு மேலே போயிருந்தன. ஐப்பசியில் ஒருநாள் அடித்த காற்றில் பெரிய மட்டை ஒன்று சமையற்கட்டின் மேல் விழுந்து ஓட்டை உடைத்தது. மழைத் தண்ணீர் நேராக அடுப்பில் இறங்கியது. என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தார். சட்டையைக்கூட மாற்றாமல் அண்ணன் வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"மரம் உன்னுது, மட்ட உன்னுது, ஒடஞ்ச ஓடு மட்டும் என்னுதா?" என்று கேட்டார்.

மச்சாண்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிதானமாக, "மரம் என்னுதுதான். காத்து என்னுது இல்லியே" என்றார்.

"அப்போ உன் மரத்த நீயே பேத்து எடுத்துக்கினு போ."

அதைச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். வழியெல்லாம் அவருக்கு ஒரே திருப்தி. "நல்லா கேட்டேன் இல்ல?" என்று என்னிடமே இரண்டு தடவை கேட்டார். அதற்குப் பிறகு அண்ணன் தம்பி பேசிக்கொள்ளவில்லை. பஸ்ஸில் எதிரெதிரே உட்கார்ந்தாலும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்ததாக ஊரில் சொன்னார்கள்.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. கடப்பாரை, மண்வெட்டி, கோடாலி, தாம்புக் கயிறு எல்லாவற்றோடும் ஆட்கள் இறங்கினார்கள். பின்னால் ஓர்ப்படி கோணிப்பையோடு வந்தாள். மச்சாண்டார் உள்ளே வந்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவங்கிட்ட சொல்லும்மா. பேத்துக்கினு போன்னான். வந்துட்டேன்."

என் வீட்டுக்காரர் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்கிற தூரம்தான். வாயைக் கொப்பளித்துவிட்டு, அவரும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தாராளமா எடுத்துக்கச் சொல்லு."

நான் இட்லித் தட்டைப் பானைக்குள் வைத்து மூடினேன்.

சும்மா மிரட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கோபத்தில் சொன்னதை எடுத்துக்கொண்டு யாராவது வண்டியோடு வருவார்களா? ஆனால் மரம் ஏறுகிறவர் தீவிரமாகவே வேலையைத் தொடங்கினார். "பனைன்னா பேக்கறது வீண். எங்க வெச்சாலும் செத்துடும். தென்ன வரும். மண்ணு ஒதிராம எடுக்கணும், அவ்ளோதான்" என்று சொல்லிக்கொண்டே ஏறி, காய்களையெல்லாம் வெட்டித் தள்ளினார். அடி மட்டைகளைக் கழித்தார். நடுவில் இருந்த இளம் மட்டைகளைச் சேர்த்துக் கொண்டை மாதிரி கயிற்றால் கட்டினார். கீழே ஆட்கள் மரத்தைச் சுற்றி இடுப்பளவு வெட்டிக்கொண்டு போனார்கள். வெட்டுப்பட்ட வேரெல்லாம் குழியில் சிவப்பாகப் பிசிறிக்கொண்டு கிடந்தது.

என் வீட்டுக்காரர் கவிழ்த்துப் போட்டிருந்த அண்டாவின் மேல் தோளில் துண்டோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தார். வேலையில் கண்ட குறையைச் சொல்ல அவருக்கு வாய்தான் திறக்கமுடியவில்லை. மரம் வீட்டுப்பக்கம் சாயப்போகிறது என்று முகம் முழுக்க எழுதியிருந்தது.

அவர் பயந்த மாதிரியேதான் நடந்தது. பின்வேலியைப் பிரித்துவிட்டு, முதல் மரத்தைப் பின்தெருப் பக்கம் சாய்ப்பதாக ஏற்பாடு. கயிறு கட்டி இழுத்தார்கள். ஈர மண்ணில் முன்னால் நின்றவன் கால் வழுக்கினான், கயிறு தளர்ந்தது, மரம் தெருப்பக்கம் போகாமல் மெதுவாகத் திரும்பி எங்கள் சமையற்கட்டைப் பார்த்துச் சாய்ந்தது. ஒரு பக்கத்து வேர் அறுபடாமல் இருந்ததால் பாதியில் நின்றது. இழுத்தாலும் வரவில்லை, விட்டால் வீட்டின் மேல் விழும். கயிற்றைப் பிடித்தபடி மச்சாண்டார் பின்னுக்குச் சாய்ந்து நின்றார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது.

"தம்பி" என்றார்.

அவ்வளவு மாதத்துக்குப் பிறகு தம்பியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. என் வீட்டுக்காரர் எழுந்தார்.

"யாரும் உடாதீங்க. அப்டியே புடிங்க. ண்ணா, உன் கயித்த அந்த வேப்பமரத்துல ரெண்டு சுத்து சுத்து."

கையில் கிடைத்த கட்டைகளை எடுத்து மரத்துக்கு முட்டுக் கொடுத்தார். அடியில் இரண்டு கல்லைச் சொருகினார். பிறகு அண்ணனுடைய வண்டியையே ஓட்டிக்கொண்டு, ஒரகடம் கூட்டுரோட்டில் அவர் முன்னால் வேலை செய்த லாரி ஒர்க் ஷாப்புக்குப் போனார். அவர் வரும்வரை மரம் அப்படியே சாய்ந்து நின்றது. ஆட்கள் நிழலில் உட்கார்ந்தார்கள். இட்லி வெந்து இறக்கிவைத்திருந்தேன். எங்கள் வீட்டை விட்டு மரத்தை எடுத்துக்கொண்டு போக வந்தவர்களானாலும், வந்தவர்களைப் பசியோடு உட்காரவைக்கமுடியுமா? குவித்துப் போட்டிருந்த காயிலிருந்து முற்றினதாக இரண்டைப் பொறுக்கி, கடப்பாரையில் உரித்து, உடைத்தேன்.

"இன்னா பண்றே?" என்றாள் ஓர்ப்படி.

"உங்க ஆளுங்களுக்குத்தான்க்கா. சட்னி வேணுமே."

அவள் என்னையும் ஆட்களையும் மாறிமாறிப் பார்த்தாள். "கெட்டியா அர" என்றாள். கெட்டியாகவே அரைத்தேன். அந்த மரத்துத் தேங்காய் என் அம்மியில் அரைபட்டது அன்றைக்குத்தான். நல்ல ருசி.

வீட்டுக்காரர் வண்டியில் மூன்று இரும்புக் குழாய்களும் ஒரு செயின் பிளாக்கும் கொண்டுவந்தார். லாரி இன்ஜினைத் தூக்குகிற சாமான் அது. குழாய்களை முக்காலி மாதிரி நிறுத்தி, செயினை மாட்டி, மரத்தின் இடுப்பில் கோணியைச் சுற்றி அதன் மேல் கயிறு கட்டினார். செயினைக் கடகடவென்று இழுக்க, மரம் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து, மண் உருண்டையோடு குழியை விட்டு மேலே வந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றோம். அதற்கப்புறம் தோட்டம் கம்பெனி மாதிரி ஆகிவிட்டது. "லோடு இந்தப் பக்கம் ஏறுது." "பேலன்ஸ் பாரு." "செயின லூஸ் பண்ணு." அண்ணனிடமும் அதே குரல்தான்: "ண்ணா, நீ தள்ளி நில்லு." அவரும் தள்ளி நின்றார்.

அன்றைக்கு இரண்டு மரம். அடுத்த ஞாயிறு மற்ற இரண்டு. நடுவில் யாரும் தடுக்கவில்லை. தடுக்க நினைத்திருந்தால் தடுத்திருக்கவேண்டிய ஆள் செயினை இழுத்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வூட்ட உட்டு மரம் போவுது. நீங்களே கையப் புடிச்சி அனுப்பி வெக்கிறீங்க" என்றேன்.

"வேலன்னா வேல. பாதியில உட்டா அசிங்கம்" என்றார்.

அண்ணன் வீட்டுத் தோட்டத்தில் குழியில் மணலும் சாம்பலும் உப்பும் போட்டு, கீற்றுக் கட்டை அவிழ்க்காமலேயே நட்டார்கள். பிறகு தினமும் ஷிப்ட் விட்டதும் அவர் நேராக அங்கே போய்விடுவார். எங்கள் தோட்டத்தில் இருந்தவரை அந்த மரங்களுக்கு ஒரு குடம் ஊற்றியவர் இல்லை. இப்போது மட்டை மஞ்சளாகிறது, நடுக்குருத்து வாடுகிறது என்று சாப்பாட்டில் உட்கார்ந்தும் அதே பேச்சு. மச்சாண்டார் நிறையத் தண்ணீர் ஊற்றவேண்டும் என்பார். இவர் வேர் அழுகிவிடும் என்பார். மரத்தைத் தவிர வேறு எதையும் இரண்டு பேரும் பேசவில்லை. ஆனால் மரத்தைப் பற்றிப் பேச நிறைய இருந்தது. அங்கேயே டீ குடித்துவிட்டு வருவார். கொஞ்ச நாளில் சாப்பாடும் அங்கே என்று ஆனது. நீயா நானா என்று நின்றவர்களை யாரும் உட்காரவைத்துச் சமாதானம் பேசவில்லை. அந்த ஓட்டைப் பற்றியும் எவரும் பேசவில்லை. மாற்று ஓடு நான்தான் ஆள்வைத்துப் போட்டேன்.

ஒரு மரம் பிழைக்கவில்லை. நடுக்குருத்தைப் பிடித்து இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. அடியில் ஒரே அழுகல் நாற்றம். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கமுடியவில்லை. அண்ணன் அவரைத் தேற்றினாராம்: "போவுது உடுறா. உன் மேல தப்பு இல்ல." தன் மரம் செத்ததற்குத் தம்பிக்கு ஆறுதல் சொன்ன அண்ணனைப் பற்றி அந்த ஊரில் நான் அப்போதுதான் கேள்விப்பட்டேன். மற்ற மூன்றும் மழை வந்ததும் புதுக் குருத்து விட்டன.

பக்கத்து ஊர்களில் அப்போதுதான் நிலத்தை மனை போட்டு விற்க ஆரம்பித்திருந்தார்கள். வீடு கட்டுகிற இடத்தில் மரம் நின்றால், வெட்ட மனசு வராதவர்கள் எங்கள் தெருவுக்கு வந்து, "மரம் பேக்கறவரு வூடு எது?" என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவர் செயின் பிளாக்கோடு போய்விடுவார். அண்ணனும் கூடவே போவார். எனக்குக் கோபம்தான். ஆனால் அவர்கள் போன பிறகு வீடு அமைதியாக இருக்கும். தோட்டத்தில் நான்கு குழிகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. மழையில் தண்ணீர் நின்று கொசு பிடித்தது. சாணியும் சருகும் கொட்டி மூடினேன். மூடினதோடு விடாமல் கத்தரியும் வெண்டையும் பூசணியும் போட்டேன். நிழல் போய் வெயில் நேராக அடித்ததால் எல்லாம் மடமடவென்று வந்தன. அந்தத் தோட்டத்தில் நான் வளர்த்ததை நானே பறித்துச் சமைத்தது அதுதான் முதல் தடவை.

குன்றத்தூருக்குக் குடிபோகிற ஒருவர் இரண்டு நல்ல தென்னைகளை, "நீயே வெச்சிக்கோப்பா" என்று என் வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டார். இவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"பின்னாடி எங்க வெக்கலாம், சொல்லு."

"எங்கயும் வேணாம்."

"ஏன்? நிழலு வரும். காயி வரும். இது நம்மளுதே."

"எனக்கு வெயிலு வேணும். வெண்டச்செடி கீது."

அவர் தோட்டத்தை எட்டிப் பார்த்தார். அதில் என்னென்ன விளைகிறது என்று அப்போதுதான் கவனித்தார் போலிருக்கிறது. வண்டியைத் திருப்பி அண்ணன் வீட்டுக்கு ஓட்டினார்.

மறுநாள் ஓர்ப்படி வந்தாள். கையில் கோணிப்பை இல்லை. அவளுக்கு எங்கள் தோட்டத்தில் வேலை ஒன்றும் இல்லைதான், இருந்தாலும் பழக்கத்தில் நேராகப் பின்னால் வந்து நின்றாள்.

"உன் வூட்டுக்காரர்கிட்ட சொல்லி வையி. கொண்டாந்து கொண்டாந்து நட்டுட்டுப் போறாரு. மட்டையும் பாளையும் பெருக்கி எனக்கு இடுப்பு உட்டுப்போவுது."

"இப்போ எங்க கீறாங்க ரெண்டு பேரும்?"

"குழி வெட்டிக்கினு கீறாங்க."

சொல்லிக்கொண்டே ஒரு வெண்டைக்காயைப் பறித்து நுனியை ஒடித்துப் பார்த்தாள். சட்டென்று ஒடிந்தது. இன்னொன்றையும் ஒடித்துப் பார்த்தாள்.

"வெத கீதா?"

"காய வுட்டிருக்கேன்க்கா. அடுத்த வாரம் தரேன். ஆனா வெயிலு வேணும் அதுக்கு."

அவள் அண்ணாந்து பார்த்தாள். தன் வீட்டுத் தோட்டத்தில் எங்கே வெயில் விழுகிறது என்று யோசித்தாளோ என்னவோ. நான் முறத்தைக் கொண்டுவந்து போட்டேன். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னோடு கூடப் பறிக்க ஆரம்பித்தாள்.